மல்லித்தண்ணியைப் படம் எடுக்க ஆறு கிழமை: கொழும்பில் ‘நலம்’ புகைப்படத்தொடர் செய்யப்போகிறவர்களுக்கு

‘நல்ல சுகத்தைக் காட்டும் அன்றாடப் பொருள்களும் பழக்கங்களும், 12 படங்கள்’ என்று கேட்டிருந்தார்கள். ஒரு சின்னக் கண்காட்சிக்கு. இதென்ன பெரிய விசயம், ஒரு சனி ஞாயிறில் முடித்துவிடலாம் என்று நினைத்து இறங்கினேன். 12 அனுப்பினேன், 9 திரும்பி வந்தது. பிறகு ஆறு கிழமை அலைந்துதான் தொடரை முடித்தேன். முதல் சுற்றில் அச்சுக்கும் போக்குவரத்துக்கும் போட்ட காசு சுத்தமாக வீண்.

பாடசாலைக் கண்காட்சி, அலுவலகச் சுகாதார வாரம், ஏப்ரல் 7ஆம் திகதி உலக சுகாதார தினத்துப் போட்டி என்று இந்தத் தலைப்பு ஏதோ ஒரு பெயரில் வந்துகொண்டே இருக்கிறது. அடுத்து செய்யப்போகிறவர் என்னைப் போல அலையக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். எந்தக் கமரா வாங்குவது என்று இதில் ஒரு வரியும் கிடையாது. என் 12 படங்களில் 7 கைத்தொலைபேசியில் எடுத்தவை.

1. கமராவைத் தொட முதல் பட்டியல்

என் முதல் பட்டியலைச் சொன்னால் சிரிப்பீர்கள். யோகாப் பாய், ஸ்டெதஸ்கோப், சப்பாத்து, ஓர் அப்பிள். அந்த அப்பிளைப் படத்துக்கென்றே கடையில் வாங்கினேன், எங்கள் வீட்டில் அதை யாரும் சீண்டுவதில்லை. அந்தப் படங்களோடு திரும்பி வந்த குறிப்பில் ‘இது எந்த ஊரிலும் எடுத்திருக்கலாம்’ என்று ஒரே ஒரு வரிதான் இருந்தது. கோபம் வந்தது, ஆனால் சரிதானே.

அப்புறம் மாமியிடம் கேட்டேன். என் மனைவியின் அம்மா, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் இருப்பவர். அவர் யோசிக்கவே இல்லை. “மல்லி அவிக்கிற சட்டி, நல்லெண்ணெய்ப் போத்தல், வேது பிடிக்கிற துவாய், பிள்ளைக்குக் கட்டின வசம்பு, ஓமம் போட்டு வைக்கிற ஹோர்லிக்ஸ் போத்தல்” என்று கடகடவென்று அடுக்கிவிட்டார். வேது என்றால் ஆவி பிடிப்பது. ஐந்தும் எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தன.

ஆகவே முதலில் 30 பொருளையாவது எழுதுங்கள். குசினி, குளியலறை, சாமி அறை, அலுமாரி மேல்தட்டு, பிறகு தெரு என்று ஒவ்வோர் இடமாக நடந்து எழுதினால் எதுவும் தப்பாது. பிறகு ஒவ்வொன்றுக்கும் நேரே ‘இதைக் கடைசியாக எப்போது பாவித்தோம்’ என்று எழுதுங்கள். ஒரு வருசத்துக்கு மேல் பாவிக்காததை, அலங்காரத்துக்கு நிற்பதை, வெட்டுங்கள். எங்கள் வீட்டு அம்மி அப்படித்தான் போயிற்று. அழகான அம்மிதான், ஆனால் அதன்மேல் இரண்டு வருசமாகப் பூச்சாடி இருக்கிறது. மிளகும் சீரகமும் தட்டுகிற சின்ன உரல் அதன் இடத்துக்கு வந்தது.

பழங்காலத்துச் சாமான்தான் எடுக்கவேண்டும் என்றும் நினைத்துவிடாதீர்கள். வயிற்றோட்டத்துக்குத் தண்ணியில் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பைக்கற், கிளினிக்கில் கொடுக்கும் திரிபோஷ, நுளம்பு வலை, பிள்ளைகளின் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு, தெருவோரச் செவ்விளநீர்க் குலை எல்லாம் இந்த ஊர்க்காரரின் நலம்தான். சோளமும் சோயாவும் சேர்ந்த அந்தத் திரிபோஷ மாவைச் சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டு உருண்டையாகப் பிடித்துச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் இந்த நாட்டில் எத்தனை பேர்! என் தொடரில் ஆட்கள் நின்று பார்த்த படம் அதுதான், அம்மியோ உரலோ இல்லை.

2. ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் இருக்கிறது, அதை முதலில் குறியுங்கள்

நான் அதிகம் தோற்றது இதில். பொருள் எப்போதும் கிடைக்கும், ஆனால் பழக்கம் தன் நேரத்துக்குத்தான் நடக்கும். மத்தியானம் இரண்டு மணிக்கு ஒருவரைக் கூப்பிட்டுத் தலைக்கு எண்ணெய் வைக்கச் சொல்லிப் படமெடுத்தால் அது நாடகமாகத்தான் தெரியும், தெரிந்தது.

இலைக்கஞ்சி, கொழும்பில் எல்லாரும் சொல்கிற பெயரில் கொலகெந்த, விடிய 5.30 இலிருந்து 8 மணி வரைதான். அதற்குப் பிறகு பானை கழுவிக் கவிழ்த்தாயிற்று. சுதந்திர சதுக்கம், விகாரமகாதேவி பூங்கா என்று காலை நடைக்கு ஆட்கள் கூடும் பக்கங்களில் தேடுங்கள். எண்ணெய் முழுக்கு பல வீடுகளில் சனிக்கிழமை, சாம்பிராணி வெள்ளி பின்னேரம். ஆடிக்கூழ் ஆடி முதல் நாள், அதாவது ஜூலை நடுப்பகுதியில் ஒரே ஒரு நாள். நோன்புக் கஞ்சி ரமழான் மாதத்தில், பின்னேரம் பள்ளிவாசல்களில் வாளியும் சட்டியுமாகப் பிள்ளைகள் வரிசையில் நிற்கும் நேரம். திரிபோஷ வேண்டுமென்றால் உங்கள் பகுதிக் கிளினிக் நாள் எதுவென்று குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள், எல்லாரும் மிட்வைஃப் மிஸ் என்று கூப்பிடுபவர்தான்.

எல்லாவற்றிலும் தவறவே விடக்கூடாதது மருத்துநீர். சித்திரை வருசப்பிறப்பு, ஏப்ரல் 13 அல்லது 14. வருசம் பிறக்கும் நேரத்தையொட்டிய புண்ணியகாலத்தில் தலையில் வைத்துக் குளிக்கும் நீர் இது. தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு, மஞ்சள், மிளகு, சுக்கு, பால் என்று பலதும் சேர்த்துக் காய்ச்சுவார்கள். தலைக்கு ஓர் இலை, காலுக்கு ஓர் இலை என்று அந்த வருசப் பஞ்சாங்கம் சொல்லும். கோவில்களில் கொடுப்பார்கள், ஆட்கள் போத்தலோடு வந்து வாங்கிப்போவார்கள். பழைய சோடாப் போத்தலுக்குள் அந்தக் கலங்கிய மஞ்சள் தண்ணி, மூடிக்குள் ஒட்டிக்கொண்ட ஒரு துளசி இலை. இதைவிட நல்ல கொழும்புப் படம் எனக்குக் கிடைக்கவில்லை. தவறினால் ஒரு வருசம் காத்திருக்கவேண்டும். பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் நேரமும் கொஞ்சம் வேறுபடும், ஆகவே நீங்கள் போகப்போகிற கோவிலில் எந்த நேரம் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். சிங்கள வீடுகளில் தலைக்கு எண்ணெய் வைக்கும் சடங்கு வருசம் பிறந்து சில நாள் கழித்து வருகிறது, அதற்கும் சுபநேரம் அறிவிப்பார்கள். இரண்டையும் ஒரே கிழமையில் எடுத்து முடிக்கலாம்.

வெளிச்சத்தின் நேரமும் இதோடு சேர்ந்ததுதான். கொழும்பில் வருசம் முழுக்க ஏறக்குறைய ஆறு மணிக்கு விடிந்து ஆறு மணிக்கு இருட்டும். வெயில் சட்டென்று ஏறும், காலை 8.30 தாண்டினால் வெளியில் எடுப்பது கஷ்டம். ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் மத்தியானச் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேரே நிற்கும், அப்போது எடுக்கிற முகத்தில் கண் இருக்கிற இடத்தில் இரண்டு கறுப்புக் குழிதான் வரும். ஒக்டோபர், நவம்பரில் பின்னேரத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள், மழை கொட்டும். காலையை நம்புங்கள்.

3. சாமான் வாங்க: கபோஸ் லேன், சந்தை, அளவு

உலர்ந்த மூலிகைக்குப் புறக்கோட்டை. ஐந்தாம் குறுக்குத் தெருப் பக்கம் கபோஸ் லேன் என்று ஒரு சின்ன ஒழுங்கை, நாட்டு மருந்துக் கடைகள் அங்கேதான் இருக்கின்றன. கிழமை நாளில் காலை 10 மணிபோலப் போங்கள். சனிக்கிழமை நெரிசலில் கடைக்காரருக்கு உங்களோடு கதைக்க நேரமிருக்காது, ஞாயிறிலும் போயா என்கிற பௌர்ணமி விடுமுறையிலும் பல கடை பூட்டு.

பெயரில்தான் பிரச்சினை. நான் மரமஞ்சள் கேட்டால் அவருக்குப் புரியவில்லை, வெனிவெல் என்றதும் எடுத்துத் தந்தார். ஆவாரம்பூ அங்கே ரணவரா, நன்னாரி இரமுசு, வில்வம்பூ பெலிமல். சிங்களப் பெயரையும் எழுதிக்கொண்டு போங்கள், பிற்பாடு படக்குறிப்பு எழுதவும் உதவும். தனித்தனியாகத் தேட நேரமில்லை என்றால் பஸ்பங்குவ என்று கேளுங்கள். ஐந்து சரக்கு ஒன்றாகக் கட்டி வரும்: கொத்தமல்லி, இஞ்சி, மரமஞ்சள், கண்டங்கத்தரி, பற்படாகம். ஒரு வெள்ளைத் துணியில் பிரித்துப் பரப்பினாலே ஒரு படம் ஆயிற்று.

கடையைப் படமெடுக்க ஆசையா? முதலில் ஏதாவது வாங்குங்கள். நூறு ரூபாய்க்கு வாங்கினாலும் போதும், பிறகு கேளுங்கள். கழுத்தில் கமரா தொங்கப் போய் நேரே கேட்ட கடைகளில் எனக்கு ‘வேண்டாம் தம்பி’தான் கிடைத்தது. சிங்களத்தில் கேட்கவேண்டி வந்தால் “ஃபொட்டோ எகக் கன்னத?” போதும், சிரித்துக்கொண்டு கேட்டால் பெரும்பாலும் நடக்கும்.

பச்சை இலைக்கு வெள்ளவத்தைச் சந்தையோ உங்கள் வீட்டுப் பக்கச் சந்தையோ போதும். வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கை இலை. இதில் ஒரு பொறி இருக்கிறது: வல்லாரை வாங்கின ஒரு மணித்தியாலத்தில் தலை தொங்கிவிடும். நனைத்த பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்து, நேரே தண்ணிக்குள் வைத்து, மற்ற ஆயத்தமெல்லாம் முடிந்த பிறகு கடைசியாக வெளியில் எடுங்கள்.

4. அனுமதியும் கடுதாசியும்

திரும்பி வந்த என் 9 படங்களில் 4 இந்த ஒரே காரணத்தால். முகம் தெரிந்தது, சம்மதக் கையெழுத்து இல்லை.

ஒரு பக்கப் படிவம் போதும். படம் எடுத்தவர் யார், எதற்காக, எங்கே வைக்கப்படும், இணையத்தில் போடுவீர்களா இல்லையா, திகதி, பெயர், கையெழுத்து. தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தயாரித்து இரண்டு பிரதி எடுங்கள், ஒன்று அவருக்கு. என் முதல் படிவத்தில் அடையாள அட்டை இலக்கமும் கேட்டிருந்தேன். அதைப் பார்த்த உடனேயே ஆட்கள் பேனாவைத் திருப்பித் தந்தார்கள், நியாயம்தான், நானும் தந்திருக்கமாட்டேன். அந்த வரியை நீக்கினேன், பிறகு மறுத்தவர் ஒருவர்தான். தொலைபேசி இலக்கம் வாங்கினால் அதைக் கவனமாக வைத்திருக்கவேண்டியது உங்கள் பொறுப்பு. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கு 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது.

பிள்ளைகள் என்றால் தாய் அல்லது தகப்பனின் கையெழுத்து. பாட்டி தலையாட்டினார் என்பது கணக்கில்லை. எனக்கு ஒரு நல்ல படம் அப்படித்தான் போனது.

கோவிலுக்கு, நிர்வாக சபைக்கு ஒரு கடிதம், குறைந்தது இரண்டு கிழமை முன்னால். கருவறைப் பக்கம் கமராவைத் திருப்பமாட்டேன் என்று நீங்களே அதில் எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஒரு கோவிலில் கடிதம் கொடுத்து, வாயால் சரி என்று சொல்லி, அன்றைக்கு வாசலில் நின்றவர் விடவில்லை. கடிதத்தின் பிரதியில் வாங்கியவரின் கையெழுத்தும் திகதியும் எடுத்திருந்தால் காட்டியிருக்கலாம். பள்ளிவாசலிலும் இதே ஒழுங்குதான்.

வைத்தியசாலை, கிளினிக் உள்ளே எடுப்பதை மறந்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். நிர்வாகத்தின் எழுத்து அனுமதி வேண்டும், நாள் எடுக்கும், நோயாளிகள் முகம் வேறு பிரச்சினை. திரிபோஷப் பைக்கற்றையும் பதிவேட்டையும் அந்தத் தாயின் வீட்டுக்குப் போய் எடுத்தேன், வெளிச்சமும் நல்லது, அவருக்கும் ஆறுதல்.

பூங்காக்களிலும் சதுக்கங்களிலும் தொலைபேசியில் எடுத்தால் யாரும் கேட்கமாட்டார்கள். முக்காலியை விரித்த அடுத்த நிமிடம் காவலாளி வருவார், கல்யாணப் படப்பிடிப்பு என்று நினைத்து. முக்காலி இல்லாமல் போங்கள். துறைமுகப் பக்கம், முகாம் பக்கம், சோதனைச்சாவடிப் பக்கம் இளநீர் வண்டி எவ்வளவு அழகாக நின்றாலும் கமராவைத் தூக்காதீர்கள், பின்னால் என்ன விழுகிறது என்று பாருங்கள்.

5. வெளிச்சம், ஆவி, எவர்சில்வர்

முதல் வேலை, டியூப்லைட்டை அணையுங்கள். யன்னல் வெளிச்சமும் டியூப்லைட்டும் கலந்தால் மஞ்சள் பச்சையாகும், இலைக்கஞ்சி சேற்றுத் தண்ணியாகும். யன்னல் ஒரு பக்கம், மறுபக்கம் ஒரு வெள்ளைப் பெட்சீற்றோ ரெஜிபோமோ. அவ்வளவுதான் ஸ்டூடியோ.

மல்லித்தண்ணிப் படத்துக்கு எட்டுத் தரம் முயன்றேன். மாமி மல்லியை வெறும் சட்டியில் வறுத்து, வாசம் எழும்பியதும் தட்டின இஞ்சியோடு தண்ணி விட்டு, வற்றக் காய்ச்சுவார். சட்டியின் அடி கறுத்து, ஒரு பக்கம் நெளிந்து, பிடி ஆடுகிற அலுமினியச் சட்டி. அதை விம் போட்டு மினுக்கிவிட்டு வந்து வைத்தார், படத்துக்கென்று. அழாக்குறையாகக் கேட்டு அடுத்த நாள் வரை காத்திருந்தேன், கறுப்புத் திரும்பவும் ஏறும்வரை.

சரி, ஆவி. பகலில் கொழும்புப் புழுக்கத்தில் ஆவி கண்ணுக்கே தெரியாது. மலையகத்தில் எடுத்தால் புகைபோல எழும்பும், இங்கே சூடான சட்டியும் சும்மா கிடப்பதுபோலத்தான் வரும். அதற்கு நான் கண்ட வழி: விடிய ஆறரைக்கு எடுங்கள், அல்லது ஏசி போட்ட அறைக்குள் கோப்பையைக் கொண்டுபோங்கள். யன்னல் கோப்பைக்குப் பின்பக்கமாகச் சாய்வில் இருக்கட்டும், கோப்பைக்கு நேர் பின்னால் ஒரு கறுப்புத் துணி தொங்கட்டும். வெளிச்சம் பின்னாலிருந்து ஆவியில் பட்டு, கறுப்பில் வெள்ளையாக எழும்பும். ஊற்றி இரண்டு நிமிடம்தான் நேரம், ஆகவே முதலில் வெறுங்கோப்பையை வைத்துக் குவியத்தைச் சரிபார்த்துவிட்டுப் பிறகு ஊற்றுங்கள். ஊதுபத்தியை ஒளித்து வைத்து ஆவி காட்டும் வித்தையைச் செய்யாதீர்கள், ஊதுபத்திப் புகை நூல்போல நெளியும், குசினியில் நின்ற எவரும் கண்டுபிடிப்பார்.

ஏசி அறையில் இருந்த கமராவை வெளியே கொண்டுவந்தால் லென்ஸ் முழுக்கப் பனி படிந்துவிடும். துடைக்கத் துடைக்க வரும். உள்ளே இருக்கும்போதே சிப் (zip) வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, வெளியே வந்து அரை மணித்தியாலம் பைக்குள்ளேயே விடுங்கள். விடிய கஞ்சி எடுக்கப் போகிறவர்கள் இரவே கமராவை ஏசி இல்லாத அறையில் வைத்துவிடுங்கள்.

எவர்சில்வர் செம்பு, பித்தளைக் குத்துவிளக்கு, செப்புக் குடம் இவற்றில் அறை முழுக்கத் தெரியும். என் செம்புப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அதற்குள் சாரமும் வெறும் மேலுமாக நான் நின்றேன். அனுப்பிய பிறகுதான் பார்த்தேன்.

6. ஆட்களின் கை

முகத்தைவிடக் கை நன்றாகப் பேசும், சம்மதம் கேட்பதும் லேசு. கஞ்சி விற்கும் அக்கா கோப்பையை நீட்டும்போது பெருவிரலில் பச்சைச் சாறு ஏறியிருக்கும், மற்றக் கையில் கருப்பட்டித் துண்டு. இதை ‘ஒருக்கா அப்படியே பிடியுங்கோ அக்கா’ என்று நிறுத்தி எடுத்தபோது கை விறைத்துப்போனது. மூன்று காலை போய்க் கஞ்சி வாங்கிக் குடித்தேன், கமரா இல்லாமல். நாலாம் நாள் அவர் என்னைக் கவனிக்கவில்லை, படம் வந்தது. வல்லாரைக் கஞ்சி, சிவப்புப் பச்சையரிசி, தேங்காய்ப்பால். எனக்கு அது பிடித்தும்விட்டது, அது வேறு கதை.

எண்ணெய் வைக்கும் படத்தில் எண்ணெய் மினுங்கவேண்டும் என்று கூடுதலாக ஊற்றாதீர்கள். உள்ளங்கையில் ஒரு குழி எண்ணெய், அதைப் பார்க்கிற பிள்ளையின் சுளித்த முகம். அது போதும், அதுதான் நடக்கிறது.

7. எடுக்கக் கூடாதவை

அம்மை வந்த வீட்டில் வாசலில் செருகிய வேப்பிலைக் கொத்தை எடுக்கலாம், அதுவும் கேட்டு. உள்ளே போகவேண்டாம், படுத்திருப்பவரை எடுக்கவே வேண்டாம்.

சுகாதாரப் பதிவேட்டில் பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, முகவரி எல்லாம் முன்பக்கத்திலேயே இருக்கும். வளர்ச்சிக் கோடு வரைந்த பக்கத்தை மட்டும் திறந்து எடுங்கள். கணினியில் மங்கலாக்கலாம் என்று விட்டால் மறந்துபோவோம். மருந்துச் சிட்டை, கிளினிக் கொப்பி, மாத்திரை உறையில் ஒட்டிய பெயர், இவற்றுக்கும் இதே எச்சரிக்கை.

குழந்தை கையில் வசம்பு எடுக்கும்போது கையில் கட்டியிருப்பதை மட்டும் எடுங்கள். வாயில் வைப்பதுபோல, நாக்கில் தேய்ப்பதுபோல எடுத்தால் அதைப் பார்த்து யாராவது செய்வார்கள். வசம்பு குழந்தைக்கு உள்ளே கொடுக்கிற சாமான் இல்லை.

8. படக்குறிப்பு

படத்தைவிட இதற்குத்தான் கூட நேரம் போனது. நான் முதலில் எழுதியது: ‘மல்லித்தண்ணி. தடிமன், காய்ச்சலைக் குணமாக்கும் அருமருந்து.’ திருப்பி அனுப்பினார்கள். ‘குணமாக்கும்’ என்று எழுத நான் யார்? டெங்கு இருக்கிற ஊரில் காய்ச்சலுக்கு மல்லித்தண்ணி போதும் என்று ஒருவர் வீட்டில் இருந்துவிட்டால் அது என் குறிப்பால் வந்த வினை. பிறகு இப்படி மாற்றினேன்: ‘மல்லித்தண்ணி. வறுத்த கொத்தமல்லியும் இஞ்சியும். தடிமன் என்றால் எங்கள் வீட்டில் முதலில் அடுப்பில் ஏறுவது. வெள்ளவத்தை, காலை 6.40.’

அதாவது பொருளின் பெயர், என்ன சேர்ந்தது, யார் எப்போது பாவிக்கிறார்கள், இடம், நேரம். 30 சொல்லுக்குள். பெயரை வீட்டில் சொல்கிறபடியே எழுதுங்கள். கொலகெந்தவை ‘மூலிகைச் சாற்றுக் கஞ்சி’ ஆக்கவேண்டாம். எடுத்த அன்றைக்கே எழுதிவிடுங்கள், இரண்டு கிழமை கழித்து எந்த இலை என்று நினைவு வராது.

9. கோப்பு, அச்சு, செலவு

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் நசுக்கிவிடும். மின்னஞ்சல் அல்லது கூகுள் டிரைவ், கட்டாயம் வாட்ஸ்அப்தான் என்றால் டொக்யுமென்டாக அனுப்புங்கள். கமராவில் திகதி அச்சடிக்கும் அமைப்பு இருந்தால் முதலிலேயே அணைத்துவிடுங்கள், என் இரண்டு படம் மூலையில் செம்மஞ்சள் திகதியோடு போய்த் திரும்பியது. மூலக்கோப்பை அழிக்காதீர்கள், கேட்பார்கள்.

12×18 அங்குல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 3600×5400 வேண்டும். தொலைபேசியின் 12 மெகாபிக்சல் படம் 4000×3000தான், ஆனால் சுவரில் தொங்கவிட்டுத் தள்ளி நின்று பார்ப்பதற்கு அது தாங்கும், என் அனுபவத்தில் யாரும் வித்தியாசம் சொல்லவில்லை. அதைவிட முக்கியம், தொலைபேசிப் படம் 4:3, தாள் 3:2. மேலும் கீழும் வெட்டுப்படும். சட்டியின் பிடி போய்விடாதபடி எடுக்கும்போதே இடம் விடுங்கள். பச்சை நிறம் அச்சில் இருண்டு வரும், ஆகவே முதலில் 4×6 இல் ஒரு பரீட்சைப் பிரதி எடுத்துப் பார்த்துவிட்டுப் பெரியதைக் கொடுங்கள். அச்சுக் கடைக்கு மூன்று நாளாவது விடுங்கள், வருசப்பிறப்பு, வெசாக் கிழமைகளில் இன்னும் கூட.

இரண்டாம் சுற்றில் நான் செலவழித்தது: 12 பெரிய அச்சு 7,800, பலகை ஒட்டியது 4,200, பரீட்சைப் பிரதிகள் 1,200, மூலிகை, இலை, கஞ்சி எல்லாம் சேர்த்து 2,400, பஸ்ஸும் ஆட்டோவும் 3,000, படிவப் பிரதிகள் 600. மொத்தம் 19,200 ரூபாய். விலை கடைக்குக் கடை மாறும், ஆனால் எந்த வரிக்கு எவ்வளவு போகும் என்ற கணக்கு ஓரளவு இப்படித்தான் வரும். பலகையை நீங்களே ஒட்டி மிச்சம் பிடிக்க நினைத்தால், கொழும்பு ஈரப்பதத்தில் இரண்டாம் நாளே ஓரம் எழும்பும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

விதிமுறைத் தாளில் உரிமை பற்றிய வரியை ஒருக்கா வாசியுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி புகைப்படத்துக்கும் பதிப்புரிமை உண்டு, எங்கும் பதியத் தேவையில்லை. ‘காட்சிக்கு வைக்க அனுமதிக்கிறேன்’ என்றால் பிரச்சினை இல்லை. ‘எல்லா உரிமையும் கையளிக்கிறேன்’ என்று இருந்தால் கையெழுத்துப் போட முதல் கேள்வி கேளுங்கள். அடுத்த வருசம் உங்கள் மாமியின் கை ஏதாவது தைலத்து விளம்பரத்தில் வரலாம்.

10. கொடுத்துவிட்டு வாருங்கள்

படத்தில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு 4×6 பிரதி கொண்டுபோய்க் கொடுங்கள். படிவத்திலேயே அதை வாக்காக எழுதிவிட்டால் கையெழுத்தும் லேசாகக் கிடைக்கும். கொடுக்கும்போது லமினேட் செய்து கொடுங்கள். கஞ்சி அக்கா தன் படத்தை வண்டியில் பானைக்கு நேர் மேலே ஒட்டினார், நாலு காலை ஆவியில் அது சுருண்டு, விரல் மட்டும் மிஞ்சியது. லமினேட் செய்து இன்னொன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்றைக்குக் கஞ்சிக்குக் காசு வாங்கவில்லை.